முன்வீடு, பின்வீடு

மாமனார் கண்ணை மூடிய பிறகு வீட்டைப் பங்கு பிரித்தபோது, முன்பக்கம்தான் வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றவள் டெய்லரம்மா. அவள் கணவர் வாயைத் திறக்கவில்லை. குடிநீர்த் தொட்டியில் மோட்டார் போடுகிற வேலை அவருக்கு. நாளெல்லாம் அந்த இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் யாராவது உரக்கப் பேசினாலே ஆகாது. ஆகவே பேச வேண்டியதை எல்லாம் அவளே பேசினாள்.

"என் தொழில் நாலு பேர் வந்து போற தொழில். பேன்ட் நீளம் குறைக்கணும், ஜிப் மாத்தணும்னு வர்றவங்க சந்துக்குள்ள புகுந்து பின்னாடியா வருவாங்க? வெளிச்சம் வேற வேணும். அங்க போய் உக்காந்தா ஊசியில நூல் கோக்கறதுக்கே தனியா ஒரு ஆள் வெக்கணும்."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். அவன் மனைவி, அதாவது டெய்லரம்மாவின் ஓரகத்தி, கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே, "அக்கா சொல்றது சரிதானே. நாங்க பின்னாடியே இருந்துக்கறோம்" என்றாள்.

அவ்வளவு சுலபத்தில் முடியும் என்று டெய்லரம்மா நினைக்கவில்லை. சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டன. கேட்டது கிடைத்தும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

நீளவாக்கில் அமைந்த வீடு அது. முன்பாதி கடைத்தெருவைப் பார்த்தது. பஸ் போகும் தெரு. எதிரே மருந்துக்கடை, பக்கத்தில் செருப்புக்கடை, முனையில் பேங்க். பின்பாதியின் முகத்துக்கு நேரே அகலமான சாக்கடை ஓடியது. அதற்கு அப்பால் புதர் மண்டிய பொட்டல். பழைய மெத்தையும் உடைந்த நாற்காலியும் யார் வீட்டில் மிஞ்சினாலும் அங்கேதான் வந்து விழும். பின்வீட்டார் தெருவுக்கு வர வேண்டுமென்றால் முன்வீட்டுச் சுவரை ஒட்டிய சந்து வழியாகத்தான் வர வேண்டும். ஓர் ஆளும் ஒரு சைக்கிளும் போகலாம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். பங்கில் அந்தச் சந்து முன்வீட்டோடு சேர்ந்தது. அவர்களுக்கு வேறு வழியில்லாத வரைக்கும் நடந்துகொள்ளலாம் என்று பேச்சு.

தையல் மெஷினை அந்தச் சந்துப்பக்க ஜன்னலை ஒட்டியே போட்டுக்கொண்டாள் டெய்லரம்மா. ஓரகத்தி பையோடு வெளியே போகும்போது, "எங்க கிளம்பிட்ட?" என்பாள். திரும்பி வரும்போது, "இவ்வளவு நேரமா?" என்பாள். கேட்பதில் விஷம் ஒன்றும் கிடையாது. தன்னைத் தாண்டாமல் ஒருத்தி உலகத்துக்குள் போக முடியாது என்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, அவ்வளவுதான். மழை வலுத்துச் சாக்கடை பின்வீட்டுக்குள் ஏறினால் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வருவாள். அவர்கள் மூன்று பேரும் முன்வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ள, சூடாக எதையாவது காய்ச்சிக் கொடுப்பாள், உலர்ந்த துணி எடுத்துக் கொடுப்பாள். கொடுக்கிற இடத்தில் இருந்தவரை அவளைப்போல நல்லவளை அந்தத் தெருவில் பார்க்க முடியாது. தபால்காரரிலிருந்து கேஸ் கொண்டுவருகிறவர் வரை முன்வீடு, பின்வீடு என்றுதான் சொல்லுவார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு இனிக்கும்.

இதற்குள் அவளுடைய ஒரே மகன் படித்து முடித்து, கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்குப் போய்விட்டான். தினம் சாயங்காலம் போனில் முகம் காட்டுவான். ஓரகத்தியின் பெண்ணும் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதையும் டெய்லரம்மா சந்து ஜன்னல் வழியாகவே அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு கோடையில் பொட்டலில் ஆட்கள் வந்து முளை அடித்தார்கள். முக்காலியில் கருவி வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். சாக்கடை தூர்வாரப் போகிறார்கள் போல என்று அவள் நினைத்தாள். ஆனால் ஊருக்கு ஒரு பக்கம் ரயில் நிலையம், மறுபக்கம் புதிதாக வந்த பெரிய ஆஸ்பத்திரியும் தொழிற்சாலைகளும். இரண்டையும் சேர்த்து எங்கோ ஒருவர் காகிதத்தில் கோடு இழுத்திருக்கிறார். அந்தக் கோடு பின்வீட்டின் பின்சுவரை உரசிக்கொண்டு போயிற்று. சாக்கடைக்குக் கான்கிரீட் மூடி போட்டார்கள். புதர் போயிற்று, மெத்தைகள் போயின, நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் போகிற ரோடு வந்தது. விளக்குக் கம்பம் வந்தது. எல்லாம் போதாதென்று பஸ் நிறுத்தமும் வந்தது. அதுவும் எங்கே, ஓரகத்தியின் பின்வாசலுக்கு நேராக.

முதலில் டெய்லரம்மா பரிதாபம்தான் பட்டாள். "பாவம், பஸ் சத்தத்துல எப்படித்தான் தூங்கறாங்களோ" என்று எதிர்க்கடை மருந்துக்காரரிடம் சொன்னாள். "புழுதி வேற. நான் அன்னிக்கே முன்பக்கம் கேட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க."

மருந்துக்காரர் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். அவர் புது ரோட்டில் கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் நிழலில்லாமல் வெயிலில் காய்ந்தது. தொழிற்சாலைக்குப் போகிற பையன்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், கட்டடவேலை ஆட்கள். பாதிப் பேருக்கு இந்த ஊர்ப் பாஷையே தெரியாது. பிழைப்புக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவன் பின்கதவைத் தட்டித் தண்ணீர் என்று சைகை காட்டினான். ஓரகத்தி கொடுத்தாள். அடுத்த நாள் ஒரு குடம் நிரப்பி வெளியே வைத்தாள். பிறகு ஒரு பெஞ்சு. பிறகு டீ, பன். பிறகு கொழுந்தன் பின்சுவரை இடித்து ஷட்டர் போட்டான்.

டெய்லரம்மா மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகிற நேரம் நீண்டுகொண்டே போயிற்று. காய்ந்த துணியையே மறுபடி உதறிப் போடுவாள். அங்கிருந்து பார்த்தால் ஷட்டருக்கு முன்னால் தலைகள் தெரியும். ஓரகத்தி ஒருவனிடம் ஏதோ ஒரு பாஷையில் நாலு வார்த்தை சொல்வாள், இன்னொருத்தியிடம் வேறொரு பாஷையில் ரெண்டு வார்த்தை. எல்லோரும் சிரிப்பார்கள். சந்தில் நடக்கும்போது தலை குனிந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள் அவள். "இவளுக்கு வாய் இருந்ததே எனக்குத் தெரியாதே" என்று டெய்லரம்மா பொருமினாள். வயிற்றில் பிடித்த அந்த எரிச்சல் மாடிப்படி இறங்கிய பிறகும் அடங்கவில்லை. அன்று தைத்த பள்ளிச் சீருடையில் ஒரு கால் குட்டையாகப் போயிற்று. பிரித்துத் தைத்தாள்.

பஸ்ஸை எல்லாம் புது ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கடைத்தெரு மெல்ல மெல்ல ஓய்ந்தது. செருப்புக்கடை கோடவுன் ஆயிற்று. மருந்துக்காரர் போனார். பேங்க் மட்டும் இருந்தது, அதற்கும் யாரும் வருவதாகக் காணோம். ஒரு நாள் பார்சல் கொடுக்கிற புதுப் பையன் அவள் வாசலில் வந்து நின்று, "ஏம்மா, இதுதானே பின்வீடு?" என்று கேட்டான்.

"யார் சொன்னது பின்வீடுன்னு?"

"டீக்கடையில கேட்டேன். இந்தக் கடைதான் முன்வீடு, நீங்க கேக்கற வீடு பின்னாடின்னு அங்க நின்னவங்க சொன்னாங்க."

பார்சலில் மகன் அனுப்பிய நல்ல கத்தரிக்கோல் இருந்தது. ஒரு வாரம் அதைப் பிரிக்கவே இல்லை. டீக்கடையில் நின்ற யாரோ சொன்னதை ஓரகத்தியே சொல்லிக் கொடுத்ததாக மனசுக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுச் சந்தின் மறுகோடியில் சுவர் எழுப்பச் சொன்னாள். கொழுந்தன் ஓடிவந்தான்.

"என்ன அண்ணி இது?"

"உங்களுக்குத்தான் ராஜபாட்டை மாதிரி வழி வந்துடுச்சே. வேற வழி இல்லாத வரைக்கும்னுதானே பேச்சு? எனக்குச் சாமான் போட இடம் இல்ல."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தொட்டிக்குக் கிளம்பிவிட்டார். ஷட்டர் பக்கமிருந்து ஓரகத்தி எட்டிப் பார்த்தாள், எழும்புகிற செங்கல்லைப் பார்த்தாள், "போகட்டும் விடுங்க" என்று கணவனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். அந்த "போகட்டும்" டெய்லரம்மாவுக்குச் சுவரைவிடப் பெரிதாக உறுத்தியது. ஓரகத்தி அழுதிருந்தால் பாதி ராத்திரியிலேயே இடித்திருப்பாள்.

சுவர் வந்தபிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நடந்து போவதென்றால் கடைத்தெருவின் நீளம் முழுக்கப் போய், பேங்க் முனையில் திரும்பி, புது ரோட்டில் அதே நீளம் திரும்பி வர வேண்டும். டெய்லரம்மா பஸ் ஏறவும் அப்படித்தான் போனாள். பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கழுத்து வலிக்கும்.

அந்தச் சுற்றுவழியை அலுக்காமல் நடந்து வந்தது ஓரகத்தியின் பெண் மட்டும்தான். அவள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள், புவியியல். பெரியம்மா தைத்தால்தான் சுடிதார் உடம்பில் நிற்கிறது என்று துணியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவள் வருவது டெய்லரம்மாவுக்குப் பிடிக்கும். அவள் போன பிறகு, தன் மகன் பக்கத்தில் இல்லாததும் இவள் தினம் அம்மாவோடு படுத்துத் தூங்குவதும் நினைவுக்கு வந்து மறுபடி உள்ளே காந்தும்.

"என்னதான்டி படிக்கறீங்க அதுல? மலை, ஆறு, தலைநகரமா?"

"அது ஸ்கூல்ல பெரியம்மா. இது மனிதப் புவியியல். ஜனங்க ஏன் ஒரு இடத்துல வந்து சேர்றாங்க, ஏன் கிளம்பிப் போறாங்க, ஒரு தெரு ஏன் திடீர்னு வளருது, இன்னொண்ணு ஏன் தேஞ்சு போகுது. அதான் முதல் வருஷம் பூராவும்."

"இதுக்குக் காலேஜா? என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

"சரி, சொல்லுங்க. நம்ம தெரு ஏன் தேஞ்சுது?"

"ஊர்க் கண்ணு." சொல்லிவிட்டு அவளுக்கே பொருத்தமாகப் படவில்லை. "உங்கம்மா டீ போட்டதால" என்று சேர்த்துக்கொண்டாள்.

பெண் சிரித்தாள். "டீ போட்டதால ரோடு வரல பெரியம்மா. ரோடு வந்ததால டீ. நீங்க அந்தப் பக்கம் இருந்திருந்தா நீங்க ஷட்டர் போட்டிருப்பீங்க. எங்க மேடம் சொல்வாங்க, இடம் அப்படியேதான் இருக்கும், சுத்தி இருக்கறது மாறினா அதோட மதிப்பு மாறிடும்னு."

அது டெய்லரம்மாவைத் தேற்றுவதற்குப் பதிலாக இன்னும் நோகடித்தது. ஓரகத்தி சாமர்த்தியக்காரி என்றால் அவள் மேல் எரிந்து விழலாம். அதிர்ஷ்டம் என்றால் அதையும் திட்டலாம். யாரும் ஒன்றும் செய்யாமல், முன்பக்கம் வேண்டும் என்று தான் கேட்டதாலேயே எல்லாம் நடந்தது என்றால் யாரை என்ன செய்வது?

அடுத்த முறை வந்தபோது அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார்களாம்: ஜனங்கள் ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகவிடாமல் எதெல்லாம் தடுக்கும்? ஒருத்தி மலை என்றாள், ஒருவன் கடல் என்றான், எல்லை, பாஷை, சட்டம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"எங்க பெரியம்மா கட்டின சுவருன்னேன்." சொல்லிவிட்டுப் பயந்தவள்போல் உதட்டைக் கடித்தாள். "கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. மேடம் மட்டும் சிரிக்கல. உக்காந்து எழுதிக்கிட்டாங்க."

டெய்லரம்மா மெஷினை மிதித்தாள். துணி இல்லாமல் ஊசி வெறும் தகட்டில் குத்தியது.

"இன்னொண்ணு பெரியம்மா. ஆஸ்பத்திரியில புதுசா நிறைய நர்ஸுங்க சேர்ந்திருக்காங்க. குடுத்த யூனிபார்ம் ஒருத்தருக்கும் பொருந்தல. பெரிய நர்ஸம்மா நம்ம கடையில நின்னு, நல்ல டெய்லர் யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. அம்மா உங்களைத்தான் சொன்னாங்க. எவ்வளவு தூரம்னு கேட்டாங்க. அம்மா சுவரைக் காட்டி, இதுக்கு அந்தப் பக்கம்தான்னாங்க. அப்புறம் வழியைச் சொன்னதும், அவ்வளவு சுத்தணுமான்னு பஸ் ஏறிட்டாங்க."

அன்று மத்தியானம் டெய்லரம்மா சோறு வைத்துக்கொள்ளவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டு சுற்றுவழியில் புறப்பட்டாள், சண்டை போடத்தான். எனக்கு வேலை பிடித்துத் தர நீ யார், நான் உன்னிடம் கையேந்தினேனா என்று வழியெல்லாம் வாக்கியங்களைத் தட்டிச் சீராக்கிக்கொண்டே போனாள்.

டீக்கடைக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. மாடியிலிருந்து பார்த்தபோது தலைகள்தான் தெரிந்தன. கிட்டே வந்தபோது மற்றதெல்லாம் தெரிந்தது. முன்பு படுக்கை அறையாக இருந்த இடத்தில் பால் கேன்களும் பன் தட்டுகளும் அடுக்கியிருந்தன. ஒரே ஒரு ஜன்னல், அதையும் புழுதிக்குப் பயந்து அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். ஓரகத்தியின் கால் பாதம் வீங்கிப் பளபளத்தது. ஒரு கண்டக்டர் டீ ஆறிப்போச்சு என்று கிளாஸை ஓங்கி வைத்துவிட்டுப் போனார். டெய்லரம்மாவுக்கு இதைப் பார்த்து ஒரு நிம்மதி வந்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை. நன்றாக ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. சிமெண்டு படிந்த சட்டையோடு வந்த பையன் ஒருவன், "அக்கா" என்றான். அந்த ஒரு வார்த்தை மட்டும் நம் பாஷையில், மற்றதெல்லாம் அவன் பாஷையில். ஊரிலிருந்து வந்த ஏதோ ஒரு படத்தை போனில் காட்டினான். பிறந்த குழந்தை. ஓரகத்தி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்து, அவன் தலையில் கை வைத்தாள்.

அக்கா. அந்த வீட்டில் அக்கா என்று இருந்தது ஒருத்திதான். அது டெய்லரம்மா. ரோடு போனது, பஸ் போனது, வீட்டின் பெயர் போனது எல்லாம் ஒரு பக்கம். கடல் தாண்டி இருக்கிற தன் பிள்ளை இப்படி எந்தக் கடையில், யாரை, என்ன பாஷையில் அக்கா என்று கூப்பிடுகிறானோ. அந்த முகம் தெரியாதவள் மேலும் அந்தக் கணம் அவளுக்குப் பொறாமை வந்தது.

ஓரகத்தி அவளைப் பார்த்துவிட்டாள். "உக்காருங்க அக்கா" என்று பெஞ்சைத் துடைத்தாள். டெய்லரம்மா தட்டிச் சீராக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. உட்கார்ந்தாள்.

"சர்க்கரை கம்மியாத்தானே?"

"மறக்கலையா நீ?"

"எத்தனை மழைக்கு உங்க கையால குடிச்சிருக்கேன்."

டீயைக் கொடுத்துவிட்டு ஓரகத்தி அங்கேயே நின்றாள். பிறகு, "நர்ஸம்மா நாளன்னிக்கு மறுபடி வருவாங்க" என்றாள். "சுவரு இல்லன்னா நாலு எட்டுதான்."

"இடிக்கச் சொல்றியா?"

"நான் எப்ப அக்கா உங்களை ஏதாவது சொல்லியிருக்கேன்."

"அதான். சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் டெய்லரம்மா. "நீ ஒரு தடவையாவது என்னோட சண்டை போட்டிருக்கலாம். எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு நல்லவளா இருந்துட்ட."

ஓரகத்தி காலி கிளாஸ்களை எடுத்தாள். "எனக்கும் வயித்தெரிச்சல் இருந்துச்சு அக்கா, அந்த ஜன்னல் வழியா நீங்க கேக்கும்போதெல்லாம்" என்றாள் கடைசியில், கிளாஸைக் கழுவிக்கொண்டே. "சண்டை போட தைரியம் இல்ல. அவ்வளவுதான்."

திரும்பிப் போகிற சுற்றுவழியில் டெய்லரம்மாவின் நடை லேசாக இருந்தது. மன்னிப்போ அன்போ அதற்குக் காரணமில்லை. தன்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறு எரிந்திருக்கிறாள் என்பது காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

சாயங்காலம் கணவரிடம், "அந்தச் சுவரால சந்துல காத்தே வரலைங்க. எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"கட்டும்போது கேக்கல. இடிக்க மட்டும் எதுக்குக் கேக்கற?" என்றார். அவர் அந்த வருஷம் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அதே கொத்தனார்தான் வந்தார். "உங்களை மாதிரி தெருவுக்கு ஒரு வீடு இருந்தா போதும்மா, நான் வெளியூர் வேலைக்கே போக வேண்டாம்" என்றபடி கடப்பாரையை இறக்கினார். கொழுந்தன் வந்து கல்லை அள்ளிக் கொட்டினான். நர்ஸுகள் டீக்கடையைத் தாண்டிச் சந்து வழியாக வந்தார்கள். தோள் இறக்கம், இடுப்புச் சுற்று, கை நீளம் என்று மெஷினுக்கு ஓய்வில்லை. அவர்களைப் பார்த்துத் தொழிற்சாலைப் பையன்கள் வந்தார்கள். பாஷை தெரியாதவன் பேன்ட்டை மாட்டிக்கொண்டு எங்கே பிடிக்கிறதோ அங்கே கிள்ளிக் காட்டுவான். தையலுக்கு அது போதும்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் எல்லாம் ஓரகத்தி கடையில் போய் டீ குடித்தார்கள். தன்னிடம் வருகிற ஒவ்வோர் ஆளும் அவளுக்கும் ஆள் ஆகிவிடுகிறான், அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தன்னிடம் வருவதில்லை என்று டெய்லரம்மா கணக்குப் போட்டுப் பெருமூச்சு விடுவாள். "டீக்கடை டெய்லர்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுக்க முகம் சுண்டிக் கிடக்கும். ஆனால் இப்போது அதை நேரிலேயே சொல்லிவிட முடிந்தது.

"உனக்கென்னம்மா, தண்ணியில தூளைப் போட்டாப் போதும். நான் கண்ணு நோகத் தைக்கணும்."

"நீங்க உக்காந்து தைக்கறீங்க அக்கா. என் காலைப் பாருங்க" என்பாள் அவள்.

போன மாதம் அந்தப் பெண் கல்லூரியிலிருந்து ஒரு செய்தி கொண்டு வந்தாள். அந்த ரோட்டுக்கு மேலே பாலம் கட்டப்போவதாகப் பேச்சாம். ரயில் நிலையத்துப் பஸ் எல்லாம் மேலேயே போய்விடுமாம். நிறுத்தம் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. ஓரகத்தி கையிலிருந்த வடிகட்டியோடு அப்படியே நின்றாள்.

டெய்லரம்மாவுக்கு முதலில் ஜிவ்வென்று ஒரு சந்தோஷம் ஏறியது. உச்சி வரை ஏறியது. பிறகு நர்ஸுகளும் அந்தப் பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்பது உறைத்தது. பட்ட சந்தோஷத்தை முழுதாக அனுபவிக்கக்கூட விடவில்லையே என்று அவளுக்குக் கோபம் வந்தது.

"பாலத்துக்குக் கீழ நல்ல நிழல் இருக்கும்" என்றாள் எரிச்சலோடு. "மூஞ்சியைத் தொங்கப் போடாத. முதல்ல கட்டட்டும், அப்புறம் எந்தப் பக்கம் போறதுன்னு பாத்துக்கலாம். அந்தப் பாலை இறக்கு, பொங்குது."